திருப்பங்களில் நின்ற வண்டி

சைக்கிள்காரர்களை எனக்குப் பிடிக்காது. இதைச் சொன்னால் எங்கள் தெருவே சிரிக்கும். நான் கட்டிக்கொண்டது ஒரு சைக்கிள்காரரை, பிழைப்பது சைக்கிள்காரர்களின் மூட்டை முடிச்சைச் சுமந்து. ஆனாலும் பிடிக்காது. காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கிற ரகம் அது. மேட்டில் ஏறும்போது "ஏன்டா வந்தோம்" என்று அழுவார்கள். உச்சிக்குப் போய் மூச்சு வந்ததும் "இன்னொரு மேடு இருக்கா?" என்று கேட்பார்கள். இவர்களோடு என் பாதி ஆயுசு போய்விட்டது.

எங்கள் வீட்டுக்காரரை எல்லோரும் முன்சக்கரம் என்றுதான் கூப்பிடுவார்கள். யாரோ கிண்டலுக்கு வைத்த பேர், நிலைத்துவிட்டது. கூட்டமாக எங்கே போனாலும் அவர்தான் முன்னால். சந்தைக்குப் போனாலும் அப்படித்தான், நான் இரண்டு பையோடு பின்னால் ஓட வேண்டும். அவருக்கு முன்சக்கரம் என்றால் எனக்கு என்ன பேர் வந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் மலையும் தண்ணீரும் கலந்து கிடக்கிற பூமி. மூன்று ஏரிகள், அவற்றைச் சுற்றி ஏறி இறங்கும் குன்றுகள், நடுவில் வளைந்து வளைந்து ஓடும் ஓர் ஆறு. ரோடும் ஆற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். எதுவும் நேரே போகாது. கொஞ்ச தூரம் போனால் இரண்டாகப் பிரியும், ஒன்று ஏரிக்குப் போகும், இன்னொன்று யாரோ ஒருவரின் மாட்டுக்கொட்டகையில் போய் முடியும். வெளியூர்க்காரன் தனியாக வந்தால் சுற்றிச் சுற்றி ஒரே பாலத்துக்கு வந்து நிற்பான்.

கல்யாணத்துக்கு முந்தி அவர் பேக்கரி ரொட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மலை வீடுகளுக்குப் போய்ப் போடுகிறவர். நான் பால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். என் வண்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவார். முன்னால் பெரிய வண்டி போனால் காற்று மேலே படாதாம், மிதிக்கிற பாடு பாதி குறையுமாம். எனக்கு இதெல்லாம் தெரியுமா? எவனோ பின்னாலேயே வருகிறான் என்று கோபத்தில் ஒருநாள் சடாரென்று பிரேக் போட்டேன். ரொட்டி முழுக்க ரோட்டில். இறங்கிப் போய்த் திட்டலாம் என்று பார்த்தால், மனுஷன் சிரித்துக்கொண்டே, "உங்க வண்டி நல்லா காத்தைத் தடுக்குதுங்க" என்றார். அன்றைக்குப் பின்னால் வந்தவர், கல்யாணம் ஆனபிறகு ஆயுசுக்கும் என்னைப் பின்னால் வரவைத்துவிட்டார்.

ரொட்டி போட்டுப் போட்டே எல்லா ரோடும் காலில் ஏறிவிட்டது. நகரத்திலிருந்து சைக்கிளோடு வருகிறவர்கள் வழி தெரியாமல் திண்டாடுவதைப் பார்த்து, சும்மா கூட்டிப் போக ஆரம்பித்தார். பிறகு அதுவே தொழிலாகிவிட்டது. மூன்று நாள் பயணம். அவர் முன்னால் மிதிப்பார், விருந்தாளிகள் வரிசையாகப் பின்னால், கடைசியில் அவர்களுடைய பெட்டிகளையும் தண்ணீரையும் ஏற்றிக்கொண்டு என் வண்டி.

வழி போடுவதில் அவருக்கு ஒரு பைத்தியம். கிட்டத்து வழி இருந்தாலும் அதில் போக மாட்டார். "ஏரியை எடுத்தவுடனே காட்டிடக் கூடாது" என்பார். மலையின் முதுகுப் பக்கமாக, மரத்தைத் தவிர வேறெதுவும் தெரியாத ரோட்டில் எல்லோரையும் மூச்சுவாங்க ஏற்றுவார். உச்சியில் ஒரு வளைவு திரும்பினால் கீழே முழு ஏரியும் விரிந்து கிடக்கும். பேசிக்கொண்டு வந்தவர்கள் வாயடைத்து நிற்பார்கள். அப்போது இவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஏரியையே இவர்தான் வெட்டினார் என்று நினைக்கத் தோன்றும்.

கூட்டமாக ஓட்டுவதில் ஒரு முறை இருக்கிறது. முன்னால் போகிறவர் கையைக் கீழே தாழ்த்திக் காட்டினால் பள்ளம். முதுகுக்குப் பின்னால் கையை வீசினால் ஒதுங்கு. பக்கவாட்டில் நீட்டினால் திருப்பம் வருகிறது. அதைப் பார்த்து இரண்டாவது ஆள் மூன்றாவது ஆளுக்குக் காட்ட, கை கையாகக் கடைசி ஆள் வரை போகும். பின்னால் இருப்பவருக்கு ரோடே தெரியாது, முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். அந்தக் கையை நம்பித்தான் இறக்கத்தில் அப்படிப் பாய்வார்கள். அவர் திருப்பத்துக்கு வெகுதூரம் முன்னாலேயே கையை நீட்டிவிடுவார். "கடைசி ஆளுக்குப் போய்ச் சேர நேரம் வேணும்ல?" என்பார்.

போன வருஷம் இலையுதிரும் காலத்தில், பயணமெல்லாம் முடிந்தபிறகு, அவரும் அவருடைய சிநேகிதர் தையல்காரரும் சும்மா ஒரு சுற்றுப் போனார்கள். ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் இருக்கும் வளைவில் ஈர இலை கிடந்திருக்கிறது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், இவருக்குச் சக்கரம் சறுக்கிவிட்டது. தலைகுப்புற விழுந்து பாலத்துச் சுவரில் போய் மோதியிருக்கிறார்.

மற்றவர்கள் விழுந்தால் என்ன செய்வார்கள்? கையைக் காலைப் பார்ப்பார்கள். சைக்கிள்காரர்கள் வண்டியைப் பார்ப்பார்கள். இவர் எழுந்த கையோடு பின்சக்கரத்தைச் சுழற்றி, கோணுகிறதா என்று பார்த்திருக்கிறார். கியர் வளைந்திருக்கிறதா என்று தையல்காரர் குனிந்து பார்த்திருக்கிறார். பெயின்ட்டில் ஒரு கீறல், அதற்கு இரண்டு பேரும் சேர்ந்து வருத்தப்பட்டிருக்கிறார்கள். கடைசியில்தான் ஹெல்மெட்டைக் கழற்றியிருக்கிறார், அது இரண்டாகப் பிளந்திருக்கிறது. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று தையல்காரர் சொல்ல, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். அப்புறம் மிச்ச தூரம் முழுவதும் மிதித்தே வீட்டுக்கு வந்தார். மடையர்கள். என்னைக் கூப்பிட்டிருந்தால் வண்டியைக் கொண்டுவந்திருக்க மாட்டேனா?

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தவர், கை கழுவ எழுந்தார். நடு அறையில் நின்று இரண்டு கதவையும் மாறி மாறிப் பார்த்தார். "கை கழுவற இடம் எங்க இருக்கு?" என்று கேட்டார். நான் கிண்டல் என்று நினைத்து, "மாடியில" என்றேன். எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது. அவர் படிக்கட்டைத் தேடினார்.

மண்டைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. தலையைத் திறந்து எடுத்தார்கள். அதைப் பற்றி நான் பேச மாட்டேன். குளிர்காலம் முழுக்க ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தேன். பேச்சு வந்தது, நடை வந்தது, என்னைச் சீண்டுகிற புத்தி எல்லாவற்றுக்கும் முந்தி வந்தது. சைக்கிளில் ஏற்றி உட்கார வைத்தால் பழையபடி நேராக ஓட்டினார். ஒன்றுதான் வரவில்லை. பேக்கரிக்குப் போய் ரொட்டி வாங்கி வருகிறேன் என்று போனவரை, முடிவெட்டும் கடையிலிருந்து போன் பண்ணி வந்து கூட்டிப் போகச் சொன்னார்கள். பேக்கரி எங்கள் வரிசையிலேயே இருக்கிறது.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "அடி பட்டது வழி கண்டுபிடிக்கிற இடத்துலம்மா. சைக்கிள் ஓட்டறது உடம்புக்கு ஞாபகம் இருக்கும், ரோடு ஞாபகம் வராது. வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். தனியா மட்டும் அனுப்பாதீங்க."

ஹாண்டில்பாரில் மாட்டிக்கொள்ளும் டப்பா ஒன்று இருக்கிறதே, கோடு போட்டு வழி காட்டுமே, அதை மாட்டிப் பார்த்தோம். அசைகிற படத்தைப் பார்த்தால் அவருக்குத் தலை கிறுகிறுத்தது. அதுவும் போக, அந்த டப்பாவை வைத்திருப்பவர்களை அவர் காலமெல்லாம் கேலி பண்ணியவர். கழற்றி டிராயரில் போட்டுவிட்டார்.

வசந்தகாலம் பிறந்ததும் விருந்தாளிகள் போன் பண்ண ஆரம்பித்தார்கள். இந்த வருஷம் இல்லை என்று சொல்லிவிடலாம் என்றேன். அவர் கொட்டகைக்குப் போய், நன்றாக இருந்த சைக்கிளின் செயினைக் கழற்றித் துடைத்து மாட்டினார். திரும்பக் கழற்றினார், திரும்ப மாட்டினார். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. நான் போய் நின்றபோது, "முன்னால போகாம நான் என்ன பண்றது?" என்று கேட்டார். 

விருந்தாளிகளில் ஒருவருக்கு இது தெரிந்தால் போதும், எல்லோருக்கும் தெரிந்துவிடும். வழி தெரியாதவருக்குப் பின்னால் எவன் வருவான்? தொழில் போனால் போகட்டும், எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், பால் வண்டியோ பள்ளிக்கூட வண்டியோ ஓட்டிப் பிழைத்துக்கொள்வோம். ஆனால் அந்த மனுஷனிடமிருந்து அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? கொட்டகையில் செயின் துடைக்கிற ஒரு கிழவர். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

வழி கிடைத்தது தற்செயலாகத்தான். பழக்கத்துக்காக ஒருநாள் அவரைச் சைக்கிளில் விட்டுவிட்டு நான் வண்டியில் முன்னால் போனேன். ரோடு பிரியும் ஓரிடத்தில் என்ஜின் சூடாகிவிட்டதென்று ஓரமாக நிறுத்தினேன். அவர் தூரத்தில் வந்தார். வண்டியைப் பார்த்தார். வண்டியின் மூக்கு எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம் கையை நீட்டி, கொஞ்சமும் தயங்காமல் திரும்பிப் போய்விட்டார். நான் முன்சீட்டில் உட்கார்ந்து அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரை முந்திக்கொண்டு அடுத்த திருப்பத்துக்குப் பறந்தேன்.

இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. காலையில் கிளம்பும்போது, "வண்டிக்கு டீசல் இருக்கா?" என்று மட்டும் கேட்பார். "இருக்கு" என்பேன். அவ்வளவுதான்.

எங்கள் மகள் வேறு நகரத்தில் வேலை பார்க்கிறாள். அவளிடம் மட்டும் சொன்னேன். போனிலேயே எகிறினாள்.

"அம்மா, நீ பண்றது சரியே இல்ல. அப்பாவை நம்பி வர்றவங்க யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா?"

"நான்தான் முன்னால நிக்கறேன்ல."

"ஒரு நாள் உன்னால நிக்க முடியாம போச்சுன்னா?"

"நல்ல வார்த்தையே உன் வாயில வராதாடி?" என்று போனை வைத்துவிட்டேன். அவள் கேட்டது நியாயம்தான். அதனால்தான் கோபம் வந்தது.

முதல் பயணத்துக்கு ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அதில் வயதில் மூத்தவர், பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார், எப்போதும் இரண்டாவது ஆளாக எங்கள் வீட்டுக்காரர் பின்னாலேயே மிதித்தார். இன்னொருத்தி ஒரு பல் டாக்டர். நல்ல பெண், சிரிக்கும்போதே என் பல்லை எண்ணுகிற மாதிரி பார்ப்பாள்.

என் பாட்டைக் கேளுங்கள். எல்லோரையும் கிளப்பிவிட்டு, பெட்டியை ஏற்றி, அவர்களை முந்தி, திருப்பத்துக்குப் போய் நிற்க வேண்டும். சும்மா நிற்க முடியுமா? ஓரிடத்தில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே தலையை விட்டேன். ஓரிடத்தில் கண்ணாடி துடைத்தேன். ஓரிடத்தில் காலடி விரிப்பை எடுத்து உதறினேன், துளி தூசி இல்லை. இல்லாத ஆளோடு போனில் சண்டை போட்டேன். அவர்கள் கடந்து போனதும் அடித்துப் பிடித்துக் கிளம்பி, ஹாரன் அடித்து ஒதுக்கி, அடுத்த திருப்பம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

"அக்கா, அண்ணனை விட்டு ஒரு நிமிஷம் பிரிய மாட்டீங்க போல இருக்கே!" என்று சிரித்தபடியே போவார்கள்.

"கண்ணு வெக்காதீங்க, மேட்டைப் பாத்து மிதிங்க!" என்பேன்.

முதல் நாள் ஆற்றோர வழி ஒழுங்காக முடிந்தது. இரண்டாம் நாள் சின்ன ஏரிகள் இரண்டும் முடிந்தன. விடுதியில் சாப்பிடும்போது அவர் பழைய ஆளாகவே இருந்தார். எந்த மேட்டில் யார் வாந்தி எடுத்தார்கள் என்று கதை சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். பழைய கதைகளெல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கிறது பாருங்கள். அந்த மேடு எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியாது.

மூன்றாம் நாள் பெரிய ஏரி. மலையின் முதுகுப் பக்க ஏற்றம் முடியும் இடத்தில் ரோடு இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் போனால் ஏரி, அதன் கரையோரமாகவே விடுதி. வலப்பக்கம் போனால் ஆற்றுக்கு இறங்குகிற செங்குத்தான ரோடு. கொண்டை ஊசி வளைவுகள், அதன் அடியில் பழைய பாலம். அந்தப் பாலத்தை இடித்துப் போட்டிருந்தார்கள், புதுசு இன்னும் கட்டவில்லை. கடைசி வளைவு திரும்பினால்தான் தடுப்பே கண்ணுக்குத் தெரியும். மேலே வைத்திருந்த எச்சரிக்கைப் பலகையை எந்தப் புண்ணியவானோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். இந்த ஒரு திருப்பத்துக்காகத்தான் எனக்கு மூன்று நாளும் தூக்கம் பிடிக்கவில்லை.

ஏற்றத்தின் பாதியில் பல் டாக்டருக்குக் கியர் ஒயர் அறுந்துபோனது. கடுமையான மேடு, இருக்கிற கியரில் ஏற முடியாது. வரிசைக்குப் பின்னால் வந்த நான் அவளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டேன். சைக்கிளைக் கட்டி முடிப்பதற்குள் மற்றவர்கள் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். பரவாயில்லை, மேட்டில் மெதுவாகத்தான் போவார்கள், பிடித்துவிடலாம் என்று கிளம்பினால், முன்னால் மரம் ஏற்றிய லாரி ஒன்று கிளை ரோட்டிலிருந்து வந்து நுழைந்தது. குறுகலான ரோடு. லாரிக்காரன் முக்கி முனகி ஏறுகிறான். ஹாரனை அமுக்கிப் பிடித்தேன். அவன் கையை வெளியே நீட்டி, என்ன பண்ணச் சொல்கிறாய் என்று விரித்துக் காட்டினான். ஒதுங்க அவனுக்கும் இடமில்லை. தலையை வெளியே நீட்டி அவன் பரம்பரையையே திட்டினேன். பாவம், அவன் என்ன பண்ணுவான்.

லாரி ஒரு வழியாக வெட்டவெளியில் ஒதுங்கியபோது நாங்கள் உச்சிக்கு வந்துவிட்டிருந்தோம். ரோடு பிரியும் இடத்தில் ஒருவரும் இல்லை.

 இடப்பக்கம் பார்த்தேன், ரோடு வளைந்து மரங்களுக்குள் போகிறது. வலப்பக்கமும் அப்படித்தான். அடிபட்ட பிறகு ஏதாவது தெரியாவிட்டால் அவர் தெரியாது என்று சொல்வதில்லை, தெரிந்தவர் மாதிரிக் கிளம்பிவிடுவார். இறக்கம் என்றால் அவருக்கு ஆசை வேறு. நான் வலப்பக்கம் திருப்பினேன்.

"அக்கா, ஏரி இந்தப் பக்கமா?" என்றாள் பல் டாக்டர்.

"இல்லம்மா. கீழ பாலம் இல்ல."  இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? "அவருக்கு வழி தெரியாதும்மா. தலையில அடிபட்டதுலேர்ந்து ஒரு வழியும் தெரியாது. நான் நிக்கறதைப் பாத்துதான் திரும்பறார். இன்னிக்கு நான் நிக்கல."

அவள் என் தோளில் கை வைத்தாள். "தெரியும்கா."

"என்ன தெரியும்?"

"எங்க எல்லாருக்குமே தெரியும். முதல் நாளே பேங்க் சார் கவனிச்சுட்டார். அண்ணன் பள்ளத்தையெல்லாம் முன்னாடியே காட்டறார், திருப்பத்தை மட்டும் உங்க வண்டியைப் பாத்ததுக்கு அப்புறம்தான் காட்டறார். கை கடைசி ஆளுக்கு வர்றதுக்குள்ள திருப்பமே வந்துடுது. சார் போன்ல இந்த வழியெல்லாம் இருக்கு. நீங்க ஒரு இடத்துல இல்லைன்னா சார் முன்னால போயிடறதுன்னு எங்களுக்குள்ள பேசி வெச்சிருக்கோம். அண்ணன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் சொல்லல."

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். கோபம்தான் முதலில் வந்தது. நான் விரிப்பு உதறியதையும் பானெட்டுக்குள் தலையை விட்டதையும் இவர்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறார்கள். அவள் சொன்னதை நம்பினாலும் கண்ணால் பார்க்காமல் திரும்ப மனசு வரவில்லை. கடைசி வளைவு வரை இறங்கினேன். தடுப்பு நின்றது, அதற்கப்பால் ஆறு ஓடியது. யாரும் இல்லை. வண்டியைத் திருப்பி வந்த வழியே ஏறினேன். 

ஏரிக்கரையில் எல்லோரும் இருந்தார்கள். சைக்கிள்களைச் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். என் வண்டியைப் பார்த்ததும் அவர் கிட்டத்தட்ட ஓடி வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. விழுந்ததற்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை.

"பாத்தியா? நீ இல்லாமலே வந்துட்டேன்!"

நான் வண்டியிலிருந்து இறங்கினேன்.

"மேல வந்து பாத்தா உன்னைக் காணோம். பேங்க் சார் வேற, ஏரியைப் போட்டோ எடுக்கணும்னு முன்னால ஓடிட்டார். நான் நின்னு பாத்தேன். இடதுன்னு பட்டுது. மிதிச்சேன் பாரு, அவரைப் பிடிச்சுத் தாண்டி வந்துட்டேன்!" மூச்சு வாங்கியது அவருக்கு. "திரும்ப வருது எனக்கு. டாக்டர் சொன்னார்ல, வரலாம்னு. வந்துடுச்சு. இனிமே நீ எங்கயும் நிக்க வேண்டாம். அடுத்த வாரம் நான் மட்டும் தனியா போய் மேல் ரோட்டையெல்லாம் ஒரு சுத்து பாத்துட்டு வரேன்."

பேங்க்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். சொல்லாமல் விட்டுவிடலாம். நல்ல மனுஷர்கள், அவர்களும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அடுத்த வாரம் இவர் தனியாக இதே மேட்டில் ஏறுவார். முன்னால் போட்டோ எடுக்க எந்த பேங்க்காரரும் ஓட மாட்டார். இடது என்று பட்டது மாதிரியே அன்றைக்கு வலது என்று படும். அந்தக் கடைசி வளைவை நான் இப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

அவர் கையைப் பிடித்து வண்டிக்கு மறுபக்கம் கூட்டிப் போனேன்.

"ஏங்க, நீங்க கண்டுபிடிக்கல. சார்தான் கூட்டிட்டு வந்தார்."

"அவர் போட்டோ எடுக்கப் போனார்டி."

"இல்லைங்க. நான் இல்லைன்னா அவர் முன்னால போறதுன்னு முடிவு பண்ணி வெச்சிருந்தாங்க."

சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே நின்றது. என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை. வண்டிக்கு மேலாக எட்டி அவர்களைப் பார்த்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் குனிந்து தங்கள் டயரை அமுக்கிப் பார்த்தார்கள். ஏரியை ஒருவரும் பார்க்கவில்லை.

"எல்லாருக்குமா தெரியும்?"

"எல்லாருக்கும்."

"எப்பலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்து."

அவர் வண்டியின் பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன காரியம் செய்துவிட்டேன்! செய்யாமலும் இருந்திருக்க முடியாது.

கடைசியில் எழுந்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து நின்றார். மற்றவர்களும் மெல்ல மெல்ல வந்து அவருக்குப் பின்னால் நின்றார்கள். அவர் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு எல்லோர் முன்னாலும், எல்லோர் காதிலும் விழும்படி என்னைக் கேட்டார்.

"இங்கேர்ந்து விடுதிக்கு எந்தப் பக்கம் போகணும்?"

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னிடம் வாய்விட்டு வழி கேட்டது அதுதான் முதல் தடவை.

"இப்படி," என்று கையைக் காட்டினேன். "ஏரியோரமாவே நேரா."

"நடுவுல எங்கயாவது பிரியுமா?"

"பிரியாது. ஒரே ரோடுதான். விடுதி வாசல்ல போய் நிக்கும்."

அவர் ஹெல்மெட் வாரைத் தாடைக்குக் கீழே மாட்டினார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

"அப்படின்னா அதுவரைக்கும் நான் முன்னால போறேன்."

"போங்க," என்றேன்.

அவர் மிதித்தார், வரிசை பின்னால் நகர்ந்தது. நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். ஆனால் அவரைத் தாண்டிப் போகவில்லை.